இரும்படிக்கிற இடத்தில் எங்களுக்கும் வேலை இருக்கு



"இரும்படிக்கிற இடத்தில ஈக்கு என்ன வேலை" என்று எங்கட வீடுகளில் சொல்லுவினம். சம்பந்தமில்லாத இடத்தில் மூக்கை நுழைக்காதே என்று அர்த்தம். லண்டனில் படித்து, லப்டொப்பில் வேலை செய்து, சனிக்கிழமை ஆர்ப்பாட்டத்துக்குப் போகிற எங்களில் பலருக்கு வெல்டிங் பட்டறை அப்படி ஒரு இடமாகத்தான் தெரியுது. நான் சொல்ல வருவது இதுதான்: நாங்கள் ஸ்டிக் வெல்டிங் பழக வேண்டும். ஆனால் ஆளுக்கொரு மெஷின் வாங்கி, வீட்டில் தனியே பழகக் கூடாது. சேர்ந்துதான் பழக வேண்டும்.

முதலில் மெஷின். ஸ்டிக் வெல்டர் எளிமையான கருவி. பெட்டியிலிருந்து இரண்டு கேபிள் வரும். ஒன்றின் நுனியில் வெல்டிங் ரொட்டைப் பிடிக்கிற கைபிடி, மற்றதில் இரும்பைக் கவ்வுகிற ஏர்த் கிளாம்ப். ரொட் இரும்பைத் தொட்டுச் சற்றே விலகும்போது நடுவில் மின்வில் எரியும். அந்த வெப்பத்தில் ரொட்டும் இரும்பும் சேர்ந்து உருகும். ரொட்டின் மேற்பூச்சு எரிந்து, உருகிய இரும்பைக் காற்றிலிருந்து காக்கிற வாயுவையும் மேலே படிகிற கசடையும் தரும். அதனால் காஸ் சிலிண்டர் தேவையில்லை. பழைய டிரான்ஸ்போமர் மெஷினைத் தூக்கவே முதுகு முறியும். இப்ப வருகிற சின்ன இன்வேர்ட்டர் மெஷினை ஒரு கையால் தூக்கலாம். சாதாரண 13 அம்பியர் பிளக்கிலேயே ஓடும்.

தொடங்குகிறவருக்கு 2.5 மி.மீ. 6013 ரொட், 3 முதல் 5 மி.மீ. தடிப்புள்ள சாதாரண இரும்புத் துண்டுகள் போதும். கரண்டை 70 முதல் 90 அம்பியருக்குள் வையுங்கள். பெரும்பாலும் ரொட் கேபிள் பிளஸ்ஸில், ஏர்த் மைனஸில் போகும். ஆனால் ரொட் பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்தே மாட்டுங்கள். கிளாம்ப் கவ்வுகிற இடத்தில் பெயின்டையும் துருவையும் தேய்த்து எடுக்காவிட்டால் மின்வில் தடுமாறும். பழகுகிறவர் தன்ர கையைத்தான் குறை சொல்லுவார். தீக்குச்சி உரசுவது போல ரொட்டை உரசி, அதன் தடிப்பளவு இடைவெளியில் பிடித்து, மெதுவாக இழுக்க வேண்டும். ரொட் எரிந்து குறையக் குறைய கையும் அதோடு கீழே இறங்க வேண்டும். நாளெடுப்பது இதற்குத்தான். சட்டியில் அப்பளம் பொரிவது போல ஒரே சீராகச் சத்தம் வந்தால் சரியாகப் போகுது என்று அர்த்தம். ரொட் ஒட்டிக்கொண்டால் முகமூடியைத் தூக்காமல் கையை ஒரு முறுக்கு முறுக்குங்கள். விடாவிட்டால் கைபிடியிலிருந்து ரொட்டைக் கழற்றிவிடுங்கள். ஆறிய பிறகு கசடைச் சுத்தியலால் தட்டும்போதும் கண்ணாடி போட்டிருக்க வேண்டும். கசடு தெறிப்பது கண்ணுக்குத்தான்.

இவ்வளவையும் வீடியோ பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பிறகேன் சேர்ந்து பழக வேண்டும்?

"வீட்டுப் பாவனைக்கு" என்று போட்டுத்தான் இந்த மெஷின்களை விற்கினம். யாருடைய வீட்டில்? எங்களில் எத்தனை பேரிடம் கராஜ் இருக்கு? வாடகை பிளட்டில், பகிர்ந்த வீட்டின் ஒற்றை அறையில் இதைத் தொடவே முடியாது. தீப்பொறி பல மீற்றர் பறந்து, மரத்தூளுக்குள்ளோ பழைய சோபாவுக்குள்ளோ புகுந்து, நீங்கள் மெஷினை நிறுத்தின பிறகுதான் பற்றும். வேலை முடிந்தும் ஒரு மணி நேரம் அந்த இடத்தைக் கவனிக்கச் சொல்வது அதனால்தான். மின்வில்லின் புறஊதா ஒளி தோலையும் கண்ணையும் சுடும். கண்ணில் பட்டது அப்பவே தெரியாது. இரவு படுத்த பிறகு மண் அள்ளிப் போட்டது போல நோகும். வெல்ட் பண்ணுகிறவருக்கு 10 ஆம் எண் இருட்டுள்ள முகமூடி இருக்கும். பக்கத்தில் எட்டிப் பார்க்கிற பிள்ளைக்கு இருக்காது. துத்தநாகம் பூசிய வேலிக் கம்பியை ஒட்டினால் அதன் புகை காய்ச்சலையும் நடுக்கத்தையும் கொண்டுவரும். குளோரின் கலந்த கிளீனரால் துடைத்த இரும்பை வெல்ட் பண்ணினால் பொஸ்ஜீன் என்ற நச்சு வாயு வரலாம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய பிரச்சினை சாதாரண இரும்பின் சாதாரண புகை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017 இல் வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியான முதல் வகையில் சேர்த்தது. 2019 பெப்ரவரியில் பிரித்தானியாவின் வேலைத்தலப் பாதுகாப்பு அமைப்பு ஒரு எச்சரிக்கை விட்டது. சாதாரண இரும்பின் புகையும் நுரையீரல் புற்றுநோய் தரும், கதவு ஜன்னலைத் திறந்து வைப்பது மட்டும் போதாது, புகை எழும்புகிற இடத்திலேயே அதை இழுத்தெடுக்க வேண்டும், அது முடியாத இடத்திலும் வெளியிலும் தகுந்த சுவாச முகமூடி வேண்டும் என்று அது சொன்னது. முதலாளி இதைச் செய்தே ஆக வேண்டும். ரயில் பாலத்துக்குக் கீழே, காசுக்குக் கைக்கூலியாக சைலென்சர் ஒட்டுகிற எங்கட ஆட்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரிந்தாலும் வேலை போகாமல் இதைக் கேட்க எத்தனை பேரால் முடியும்?

மெஷின் மலிந்துவிட்டது. மலியாதவை மூன்று: இடம், புகை இழுக்கிற வசதி, சொல்லித் தருகிற ஆள். இந்த மூன்றையும் தனியாளாகச் சேர்ப்பது கஷ்டம், பத்துப் பேர் சேர்ந்தால் முடியும்.

சொல்லித் தருகிற ஆள் எங்களுக்குள்ளேயே இருக்கக்கூடும். சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் வெல்ட் பண்ணினவர், திருச்சி திருவெறும்பூரில் பெல் ஆலையைச் சுற்றியுள்ள பட்டறையில் பழகினவர், கடை ஷட்டர் திருத்துகிறவர். எங்கட கூட்டங்களில் கதிரை அடுக்க இவர்களைக் கூப்பிடுவோம், பேசக் கூப்பிட மாட்டோம். "படிக்காட்டி கராஜிலதான் நிற்க வேணும்" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

இந்த வசனத்தை வெறும் திமிர் என்று தள்ளிவிடவும் முடியாது. 1953 இல் ராஜாஜி அரசு சென்னை மாகாணத்தில் ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தது. பிள்ளை அரை நாள் பள்ளியில், மிச்ச நேரம் தாய் தகப்பனின் தொழிலில். பெரியாரும் திராவிட இயக்கமும் அதைக் குலக்கல்வி என்று பெயர் சொல்லி எதிர்த்தார்கள். 1954 இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. யாழ்ப்பாணத்திலும் கொல்லு வேலையும் தச்சு வேலையும் பிறப்போடு ஒட்டியே இருந்தன. அப்படிக் கட்டப்பட்டிருந்த குடும்பத்துக்குப் படிப்பு ஒரு விடுதலை. அந்த வேலையை ஒருநாளும் செய்திராத வீட்டில் அதே வசனம் சாதித் திமிர். யார் வாயிலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். அதனால் "கைத்தொழிலுக்குத் திரும்புவோம்" என்ற அழகான கோஷம் எனக்கு வேண்டாம். பிறப்பால் சுமத்தின வேலையும், விரும்பின எவரும் வந்து பழகுகிற வேலையும் ஒன்றல்ல. இரண்டாவதுதான் எங்களுக்கு வேண்டியது.

ஒரு தோழி கேட்டா: "மாஸ்டர்ஸ் படிக்கிற ஆட்கள் முகமூடி போட்டுப் படம் எடுத்து, தொழிலாளி வேஷம் கட்டப் போறியளா?" நியாயமான கேள்வி. நாலு சனிக்கிழமை வெல்ட் பண்ணினால் யாரும் தொழிலாளி வர்க்கம் ஆகிவிட மாட்டினம். கிடைப்பது வேறு இரண்டு. ஒன்று, பதாகைச் சட்டம், உணவு வங்கிக்கு இரும்பு அலுமாரி, தோட்டத்துக்கு மேசை என்று எங்களுக்குத் தேவையானதை நாங்களே செய்யலாம். (மேடை, சைக்கிள் பிரேம், ட்ரெய்லர் போல உயிர் தங்கியிருக்கிற எதையும் பழகுகிறவர் ஒட்டக் கூடாது.) இரண்டு, புகை இழுக்கிற குழாய் இல்லாத பட்டறைக்குள் நுழைந்தால், அது இல்லை என்பது எங்கட கண்ணில் படும். வேலைத்தல உரிமை பற்றித் துண்டுப்பிரசுரம் எழுதுகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இந்த நகரத்துக்கு இது புதிதும் அல்ல. 1976 இல் லூகாஸ் ஏரோஸ்பேஸ் தொழிலாளரின் பிரதிநிதிகள், ஆட்குறைப்புக்கு மாற்றாக, தங்கட திறமையால் மக்களுக்குப் பயன்படும்படி செய்யக்கூடிய சுமார் 150 பொருள்களைத் திட்டமாக எழுதி வைத்தார்கள். ஆயுதத்துக்குப் பதிலாகச் சிறுநீரக இயந்திரம், வெப்பப் பம்பு. நிர்வாகம் மறுத்தது. அதில் முன்னின்ற மைக் கூலி 1981 இல் வேலை இழந்தார். பிறகு பெரு லண்டன் மாநகர சபையின் நிறுவன வாரியத்தில் சேர்ந்து, அயலவர் வந்து கருவிகளைப் பாவிக்கக்கூடிய தொழில்நுட்ப வலையமைப்புகளை உருவாக்கினார். பட்டறை, மெஷின், சொல்லித் தர ஆட்கள், எல்லாம் பொதுப் பணத்தில். 1986 இல் தட்சர் அரசு மாநகர சபையையே கலைத்தது. அந்த முயற்சியும் அதோடு தேய்ந்தது. நாங்கள் பொதுப் பட்டறை கேட்பது, இந்த நகரத்தில் ஒருகாலம் இருந்ததைத் திருப்பிக் கேட்பதுதான்.

அதுவரைக்கும் எங்களால் முடிந்தது இது. ஒரு மெஷின் பத்துப் பேருக்கு. புகை இழுக்கிற வசதியுள்ள சமூகப் பட்டறையிலோ கல்லூரியிலோ மாதம் இரண்டு மாலை வாடகைக்கு. சொல்லித் தருகிறவருக்குச் "சேவை" என்று சொல்லி ஏமாற்றாமல் சரியான கூலி. முகமூடி, கையுறை எல்லா அளவிலும். ஆம்பிளையளின்ர அளவில் மட்டும் வாங்கி வைத்தால் பாதிப் பேர் முதல் நாளே நின்றுவிடுவினம். முதல் வகுப்பில் ரொட் எரிய முன்னம், 2019 எச்சரிக்கையை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் வகுப்போடு நிற்காமல் பாலத்துக்குக் கீழுள்ள கராஜுகளுக்கும் போக வேண்டும்.

அந்த ஒரு பக்கத்தை எழுத நான் தயார். இடம் தேட, ஆள் பிடிக்க யார் வாறியள்? இந்த மடலுக்கே பதில் போடுங்கோ.