தேனீ செத்த கொல்லையில் கீரை பறிக்காதீர்!



“சம்பளம் வாங்கின கையோடு பாதி காசு கறிகாய்க்கே போயிடுது, டிரசரய்யா” என்று மாதம் தவறாமல் யாராவது ஒருவர் என்னிடம் குறைப்பட்டுக் கொள்கிறார். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி போடுங்கள். அதன் ஓரத்தில் ஒரு தேனீக் கட்டை வையுங்கள். ஆனால் தோட்டத்து ஸ்டோர் மருந்து மட்டும் உங்கள் வாசற்படி ஏறக்கூடாது. இந்த மூன்றாவதைச் சொல்லத்தான் இம்மாதம் எழுதுகிறேன்.

ஜொகூரில் நமக்குக் கோடை என்று தனிப் பருவம் கிடையாது. ஆண்டு இறுதி அடைமழை ஓய்ந்து, பிப்ரவரி, மார்ச்சில் கித்தா மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும் காலத்தைத்தான் கோடை என்று சொல்லிக்கொள்ள வேண்டும். பால் குறைந்து நம் கையைக் கடிக்கும் அந்த மாதங்களில் தேனீக்கு நல்ல வரும்படி. இளந்தளிரின் காம்பு நுனியில் இனிப்புச் சாறு சுரக்கும். தமிழ்நாட்டில் கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பக்கம், ரப்பர் மரத்தை நம்பியே தேன் எடுக்கும் குடும்பங்கள் உண்டு. கித்தா போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டங்களில், நம் கொல்லையில் பூக்கும் பூதான் தேனீக்குப் பெரிய ஆதரவு.

“தேனீ வராவிட்டால் பூசணி காய்க்காதா என்ன?” என்று கேட்கலாம். பூசணி, வெள்ளரி, பாகல் இவற்றில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஒன்றின் மகரந்தத் தூள் மற்றதில் போய்ச் சேராவிட்டால் பிஞ்சு மஞ்சளித்து வெம்பி விழும். பூசணிப் பூ விடியலில் விரிந்து உச்சிப் பொழுதுக்குள் சுருங்கிவிடும். நாம் பெரட்டுக்குப் போய், வேலை முடித்துத் திரும்புவதற்குள் அந்தக் காரியம் முடிந்தாக வேண்டும்.

வயதானவர்களுக்கு ஒன்று ஞாபகம் இருக்கும். ஒரு காலத்தில் செம்பனையின் பெண்பாளைக்கு நம் பெண்கள்தான் கையால் மகரந்தத் தூள் அடித்தார்கள். 1981-ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டிலிருந்து வந்த ஒரு சின்னஞ்சிறு வண்டை நம் குளுவாங் வட்டாரத் தோட்டங்களில் விட்டார்கள். அதன் பிறகு அந்த வேலையே இல்லாமற் போயிற்று. பூச்சி என்றால் எல்லாமே கொல்ல வேண்டியவை என்று நினைப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு ஏற்றது கெலுலுட். நம் பாட்டிமார் கொசுத்தேனீ என்பார்களே, அந்த இனம்தான். இதற்குக் கொடுக்கு கிடையாது. பொந்துள்ள மரக்கட்டையில் குடியிருக்கும். பிசினும் மெழுகும் கலந்து செய்த குட்டிக் குட்டிப் பானைகளில் தேனைச் சேர்க்கும். தேன் புளிப்பாக இருக்கும். நிழலில், மழை படாத இடத்தில் வைத்தால் போதும். எறும்புக்குப் பயந்து கட்டை நிற்கும் காலுக்கடியில் தண்ணீர்க் கிண்ணம் வைக்காதீர்கள். ஏடிஸ் கொசு அதில் முட்டையிடும், டிங்கி வரும். காலில் கிரீஸ் தடவுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் நடந்தது இது. பயிற்றங்கொடியில் அசுவணி பற்றிவிட்டது. ஒரு தம்பி, இளஞ்செம்பனையில் வண்டுக்கு அடிக்கும் மருந்தைக் கொஞ்சம் ஆரஞ்சுத் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தான். காலை எட்டு மணிக்கு, பூ விரிந்திருக்கும் வேளையில் அடித்தான். சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பாட்டி என்னிடம் ஓடி வந்தார். “டிரசரய்யா, என் ஈயெல்லாம் கட்டை வாயில கொத்துக் கொத்தா செத்துக் கெடக்கு. என்னமோ அடிச்சிருக்கானுங்க” என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஈதானே பாட்டி, வேறு கட்டை வாங்கிக்கலாம்” என்றேன்.

அன்று இரவே அந்தத் தம்பியின் நாலு வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சமையற்கட்டில் இருந்த ஆரஞ்சுப் போத்தலைத் திறந்து ஒரு வாய் குடித்திருக்கிறாள். வாந்தி, எச்சில் ஒழுகுகிறது, பிள்ளை துவண்டு கிடக்கிறாள். அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “என்ன மருந்து?” போத்தலில் ஆரஞ்சுப் படம்தான் இருந்தது. தோட்டத்துக்குப் போன் போட்டு, கிராணியை எழுப்பி, ஸ்டோரைத் திறக்கச் சொல்லி, டின்னில் ஒட்டியிருந்த பேரைப் படிக்கச் சொன்னோம். அதற்குள் என் உயிர் போய் உயிர் வந்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டாள். ஆனால் பாட்டியின் தேனீ சாயங்காலமே சொல்லிவிட்டது. படித்தவன் நான், காதில் வாங்கவில்லை. அன்றே வீடு வீடாகப் போய் விசாரித்திருந்தால் அந்தப் போத்தல் சிக்கியிருக்கும்.

ஆகவே கொல்லையில் திடீரென்று தேனீ கொத்தாகச் செத்தால், அன்று கீரை, காய் பறிக்காதீர்கள். யார் என்ன அடித்தார்கள் என்று கேளுங்கள். அதற்காக, தேனீ உயிரோடு இருந்தால் விஷமே இல்லை என்றும் எண்ணிவிடக் கூடாது. புல்லுக்கு அடிக்கும் மருந்து தேனீயை உடனே கொல்லாமல் போகலாம். ஆனால் மனிதர் குடலுக்குள் போனால் அதுவும் விஷமே. பாராகுவாட்டுக்கு மாற்று மருந்தே கிடையாது. ஒரு வாய் விழுங்கினாலும் நுரையீரலைக் கெடுத்து ஆளைக் கொல்லக்கூடியது. 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் அதற்கு முழுத் தடை. பழைய டின் எங்காவது மூலையில் கிடந்தால் தொடாமல் வந்து சொல்லுங்கள்.

“மருந்து இல்லாமல் எப்படிப் பயிர் செய்வது?” என்பீர்கள். அசுவணிக்குச் சவர்க்காரத் தண்ணீரை அந்தி நேரத்தில் இலையின் அடிப்புறம் அடியுங்கள். புல் முளைக்காமல் இருக்கப் பாத்தியில் வெட்டிய புல்லையும் காய்ந்த மட்டையையும் பரப்புங்கள். டிங்கிக்குப் புகை அடிக்க வருகிறார்கள் என்றால், தேனீ அடைந்த பிறகு கட்டையின் வாயை மூடி, புகை கலைந்ததும் மறக்காமல் திறந்துவிடுங்கள். காலி மருந்து டின்னில் தண்ணீரோ அரிசியோ வைக்கவே வைக்காதீர்கள். யாராவது விஷம் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். டின்னையோ போத்தலையோ கையோடு எடுத்துக்கொண்டு ஓடி வாருங்கள்.

தேனைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுக்கூடக் கூடாது. நாக்கில் தடவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி, பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து உடலைத் தளர்த்தி மூச்சையே நிறுத்திவிடக் கூடும். இனிப்புநீர் உள்ளவர்கள், ‘கெலுலுட் மருந்துத் தேன்’ என்று சொல்வதைக் கேட்டு மாத்திரையை நிறுத்த வேண்டாம். கட்டை விற்பவர் சொல்லும் லாபக் கணக்கை நம்பிக் கடனும் வாங்க வேண்டாம். வீட்டுக்கு ஒரு கட்டை போதும்.

நிர்வாகத்துக்கும் ஒரு கடமை உண்டு. லயத்துப் பக்கம் மருந்தடிப்பதற்கு முதல் நாளே சொல்ல வேண்டும். ஸ்டோர் மருந்தை அளந்து கொடுத்து, மீதியை அன்றே திரும்ப வாங்க வேண்டும். கிளைத் தலைவர்களும் செயலாளர்களும் அடுத்த கூட்டத்தில் இதைக் கேளுங்கள். இதில் சம்பளத் தகராறு ஒன்றுமில்லை, யாரும் மறுக்கவும் முடியாது.

நம் பங்குக்கு நாமும் ஒன்று செய்வோம். இன்று வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் சமையற்கட்டு, குளியலறை, கோழிக் கூண்டு எல்லாம் ஒரு முறை தேடிப் பாருங்கள். பேர் ஒட்டாத போத்தல் ஒன்று இருந்தாலும் அது இன்றைக்கே வீட்டை விட்டுப் போகட்டும். பாத்தி போடுவதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.