பச்சைத்தண்ணீர் போதும் என்றோம்

மாருதி 800 முதன்முதலில் சாலைக்கு வந்தது 1983 டிசம்பரில். 2014 ஜனவரியில் தயாரிப்பே நின்றுவிட்டது. ஆனாலும் அப்பா வாங்கிய வண்டியை இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் நம் ஊர்களில் நிறைய. அந்த வண்டிக்கு நாம் சீட் கவர் மாற்றினோம், பாட்டுப் பெட்டி வைத்தோம், ஆயுதபூஜைக்குச் சந்தனம் குங்குமம் இட்டு மாலை போட்டோம். ரேடியேட்டருக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

உள்ளே இருந்தது போர் தண்ணீர். நாம் ஊற்றியதுதான். மெக்கானிக் கூலண்ட் மாற்றலாமா என்று கேட்டபோது, "இப்போதைக்குத் தண்ணி ஊத்திக் குடுங்கண்ணே, போதும்" என்றவர்கள் நாம். உறைபனி கொட்டுகிற ஊருக்குத்தானே அதெல்லாம் என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

கூலண்ட் உறையாமல் காப்பதோடு நிற்பதில்லை. அதில் முக்கியப் பொருளான எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்தால் கொதிநிலை சுமார் 106 டிகிரி செல்சியஸ். ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தமும் சேரும்போது 120-ஐத் தாண்டிவிடும். அதைவிட முக்கியம், கூலண்டில் சேர்த்திருக்கும் துரு தடுப்பு ரசாயனங்கள். மாருதியின் சிலிண்டர் ஹெட் அலுமினியம். அதைத் தொட்டு ஓடும் தண்ணீரே இரும்பையும் தொடுகிறது. வெறும் தண்ணீர் இந்த உலோகங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும்.

போர் தண்ணீர் இன்னும் மோசம். வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்புதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிகிறது. பழைய மூடி, தளர்ந்த கிளாம்ப் வழியாக ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். உப்பு உள்ளேயே தங்கிவிடும். குறைந்ததை ஈடுகட்ட மறுபடி போர் தண்ணீர், அதோடு மறுபடி உப்பு. இந்த 'டாப் அப்' பழக்கத்தைத்தான் பராமரிப்பு என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். குடும்பத்தோடு ஏறும்போது சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டால் வண்டிக்கு வயசாகிவிட்டது என்றோம். இதற்குச் சிலர் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறியச் சொன்னார்கள்; நாமும் தலையாட்டினோம். அது எஞ்சினைச் சரியான சூட்டில் வைத்திருக்கும் வால்வு. அதை எடுத்துவிட்டால் எஞ்சின் சூடேற நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். அடைத்துக்கொண்ட ரேடியேட்டர் அடைத்தபடியே இருக்கும். கடைசியில் ஒருநாள் ஹெட் வளைந்து, கேஸ்கெட் போய், ஆயில் மூடியின் அடியில் பால் போல நுரை தெரியும். அப்போதும் வளைந்த ஹெட்டைச் சமப்படுத்த லேத் பட்டறைக்காரர் கேட்கும் கூலிதான் நமக்குப் பெரிதாகப்பட்டது.

வண்டியை விற்கும்போது நாம் செய்ததையும் சொல்லத்தான் வேண்டும். ரிசர்வ் டேங்கில் மட்டும் புதுக் கூலண்டை ஊற்றி, வாங்க வந்தவருக்குக் காட்டினோம். உள்ளே துருத்தண்ணீர்தான் இருந்தது.

இன்னும் ஓடும் வண்டியைக் காப்பாற்ற வழியிருக்கிறது. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். பழையதை அடியில் வடித்து, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேன் சுழலும் வரை ஓடவிட்டு, ஆறியதும் வடிக்க வேண்டும். தெளிவாக வரும்வரை இதையே திரும்பச் செய்யலாம். பழைய ரேடியேட்டருக்குக் கடுமையான கழுவுமருந்து வேண்டாம். துரு அடைத்து வைத்திருக்கும் ஓட்டைகளை அது திறந்துவிடும். எவ்வளவு வடித்தாலும் எஞ்சினுக்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கும். அதன்மேல், ஏற்கெனவே தண்ணீர் கலந்து விற்கும் கூலண்டை ஊற்றினால் நீர்த்துப்போகும். அதனால் கான்சன்ட்ரேட் வாங்கி, வண்டியின் மொத்தக் கொள்ளளவில் பாதியை முதலில் ஊற்றிவிட்டு, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புவது நல்லது.

எதை வாங்குவது? நிறத்தைப் பார்த்து வாங்கித்தான் பலமுறை ஏமாந்தோம். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதை வைத்து வகையைச் சொல்ல முடியாது. கையேட்டில் சொன்ன வகையா என்று லேபிளைப் படிக்க வேண்டும். இரண்டு வகைகளைக் கலக்கக் கூடாது. பழைய பாணிக் கூலண்டை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், ஆர்கானிக் ஆசிட் வகையை ஐந்து வருடம் வரையிலும் மாற்றுவது பொதுவான கணக்கு. கையோடு ஓஸ்களை அழுத்திப் பார்த்து, உப்பியதையும் வெடித்ததையும் மூடியோடு சேர்த்து மாற்றிவிடலாம்.

வடித்ததைச் சாக்கடையில் கொட்டியவர்களும் நாம்தான். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். தேங்கி நிற்பதை நக்கும் தெருநாய்க்குக் கொஞ்சமே போதும், சிறுநீரகம் செயலிழந்து செத்துவிடும். பழையதை ஒரு கேனில் பிடித்து, இறுக மூடி, ஆயிலோடு கலக்காமல் தனியாக வைத்து, முறையாக அப்புறப்படுத்தும் சர்வீஸ் சென்டர் எது என்று விசாரித்துக் கொடுக்க வேண்டும். கொடுக்கும்வரை அந்தக் கேன் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில், பெயர் எழுதி ஒட்டி, இருக்கட்டும்.