விருந்து எங்கே?



திருமண வெள்ளி விழாக் காணும் தாய் தந்தையரை இம்மாநகரில் எந்த ஓட்டலுக்கு அழைத்துச் செல்வது? சங்கத்து அறையிலே மூன்று மாலைகள் இதைப் பற்றிச் சொற்போர் நடந்தது. கலினா வளாகத்தில் தேர்வு முடிவுகளைப் பற்றிக்கூட நாம் இத்தனை சூடாகப் பேசியதில்லை. "தாஜுக்கு அழைத்துப் போ, வாழ்வில் ஒருநாள்!" என்றார் ஒருவர். "தமிழனுக்கு மாட்டுங்காவை விட்டால் வேறு போக்கிடம் ஏது?" என்றார் மற்றொருவர். "ஓட்டல் எதற்கு? வீட்டிலேயே பாயசம் வையுங்கள்" என்றார் மூன்றாமவர். வைப்பது யார் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

விழாக் காண்பவர்கள் என் பெற்றோர். செலவு செய்பவன் நான். ஆகவே என் கருத்தை எழுத்திலேயே வைத்துவிடுகிறேன்.

விருந்தின் சிறப்பை இலையில் விழும் பண்டங்களைக் கொண்டு அளப்பவர் பலர். கடைசியில் வரும் பில்லைக் கொண்டு அளப்பவரும் பலர். இலையின் முன் அமரப்போகிறவர் யார் என்று கேட்பவர் மிகச் சிலர். நான் அந்தச் சிலரின் கட்சி.

என் பெற்றோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து, என்னைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு தாராவிக்கு வந்தவர்கள். தந்தையார் தோல் பை தைக்கும் பட்டறையில் தொழிலாளி. தாயார் இட்லி அவிப்பவர். விடியற்காலை மூன்று மணிக்கு எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். ஐந்தரைக்குள் இட்லிகள் அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கப்பட்டுச் சைக்கிளில் ஏறிவிடும். ஊதலை அழுத்திக்கொண்டு தெருத்தெருவாகப் போகும் இட்லிக்காரரை நீங்கள் மும்பையின் எந்தப் பகுதியிலும் பார்த்திருப்பீர்கள். அவர் விற்கும் இட்லி பெரும்பாலும் தாராவியின் ஒரு சந்தில் பிறந்ததுதான். நகரம் உண்கிறது, சமைத்தவள் உறங்கவில்லை. இந்த இருவரும் சேர்ந்தாற்போல் ஓர் ஓட்டலில் அமர்ந்து உண்டதை நான் கண்டதில்லை.

முதலில் தாஜை எடுத்துக்கொள்வோம். 1903-ல் திறக்கப்பட்டது, கடலைப் பார்த்து நிற்பது, மும்பைக்கு வருவோர் அண்ணாந்து பார்ப்பது. அதை ஆடம்பரம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட நான் விரும்பவில்லை. ஓர் உணவு விடுதியின் வாசலைத் தாண்டுவது நம் மக்களுக்கு எளிதாகக் கிடைத்த உரிமையா என்ன? சென்னை மாகாணத்து ரெயில் நிலையங்களில் பிராமணர் உண்ண ஒரு புறம், மற்றவர் உண்ண மறுபுறம் என்றிருந்த முறை 1941-ல்தான் ஒழிந்தது. 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, சாதி, மதம், பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காட்டி எவரையும் கடைகளிலிருந்தும் உணவு விடுதிகளிலிருந்தும் விலக்கலாகாது என்றது. அதற்குப் பிறகும் 1957-ல், திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் மறியல் நடத்த வேண்டியிருந்தது. மாதக்கணக்கில் நடந்தது அது. தொண்டர் பலர் சிறை புகுந்தனர். ஒரு பலகை! ஒரு சொல்! அதற்கு இத்தனை விலை. ஆகவே என் தாயார் எந்த மாளிகையின் படியை மிதித்தாலும் எனக்குப் பெருமைதான்.

ஆனால் சட்டம் திறந்த கதவை விலைப்பட்டியல் சாத்திவிடுகிறது. என் தந்தையார் எந்தப் பட்டியலையும் வலப்பக்கத்திலிருந்து படிப்பவர். பெயர் எதுவாக இருந்தாலும் அவர் கண் எண்ணில்தான் போய் நிற்கும். ஒரு வாய் சூப்புக்கு எத்தனை பை தைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே உண்பவருக்கு அது விருந்தாகுமா? தாஜை விட்டுவிட்டேன்.

அடுத்தது மாட்டுங்கா. 1896-ல் பம்பாயைப் பிளேக் பிடித்தது. அதன் விளைவாக 1898-ல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் பிறந்தது. அந்த டிரஸ்ட் வகுத்த வீதிகளில்தான் தென்னாட்டுக் குமாஸ்தாக்கள் வந்து குடியேறினர். தனியாக வந்தவர்களுக்குச் சோறு வேண்டுமே! உணவு விடுதிகள் முளைத்தன. கிங்ஸ் சர்க்கிளில் 1940-ல் கபே மெட்ராஸ். ரெயில் நிலையத்தருகே 1942-ல் ராம நாயக் தொடங்கிய உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங். இன்றும் அங்கே வாழையிலை போட்டுச் சாப்பாடு பரிமாறுகிறார்கள். ஏழை எழுத்தரின் வயிற்றை நிறைத்த அந்த விடுதிகளுக்கு நான் கைகூப்புகிறேன்.

ஆயினும் ஒன்று கேட்கிறேன். 'மெட்ராஸ்' என்று பலகையில் இருப்பதால் அது நம் வீட்டுச் சாப்பாடு ஆகிவிடுமா? மாட்டுங்காவின் புகழ்பெற்ற அடுப்புகளில் பல, கன்னடக் கரையோரத்து உடுப்பிக்காரர்களுடையவை. சுவையிலே சிறந்தவை, மறுக்கவில்லை. ஆனால் தென்னாட்டார் என்றால் இட்லி, தோசை, சாம்பார், அதற்கு மேல் ஒன்றுமில்லை என்ற எண்ணத்தை இந்நகருக்குக் கொடுத்ததும் அவைதாம். 1966-ல் சிவசேனை தோன்றி, 'மதராசி' மீது பகை மூண்டபோது உடுப்பி ஓட்டல்களும் தாக்கப்பட்டன. அடித்தவனுக்குக் கன்னடமும் தமிழும் ஒன்றே! அடித்தவன் பிரித்துப் பார்க்கவில்லை, சரி. உண்ணப் போகும் நாமும் பிரித்துப் பார்க்காமல் இருக்கலாமா? என் தந்தையார் மீன் குழம்புக்காரர். வெள்ளி விழா நாளில் அவரை ரச வடையின் முன் உட்கார வைப்பது எந்த ஊர் நியாயம்? இட்லி அவித்தே இருபது ஆண்டைக் கழித்த அம்மாவை இட்லி சாப்பிட அழைத்துப் போனால், தங்க ஆசாரிக்குத் தங்கத்தைக் காட்டிய கதையாக முடியும். சட்னியில் உப்புக் குறைவு என்று தொடங்கி மாவின் பதம் வரை ஆராய்ந்துவிட்டுத்தான் எழுவார்.

வரிசையையும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்த விடுதிகளின் வாசலில் பெயர் கொடுத்துக் காத்திருந்து, உட்கார்ந்தவுடன் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த குடும்பம் நிற்கும். சாப்பிடலாம், பேச முடியாது.

அப்படியானால் தாராவியிலேயே உண்பதுதானே என்பீர்கள். பரோட்டாவும் சால்னாவும், ஆட்டுக்கறியும் அயிரை மணமும் அங்கே உண்டு. எங்கள் நாவுக்கு உகந்த உணவு அதுவே. அதைத் தமிழர் உணவு என்று மாநகரம் அறியாதது மாநகரத்தின் குறை. ஆனால் அந்தப் பெஞ்சுகளில் அமர்பவர் யார்? ஆடவர், ஆடவர், ஆடவரே! பெண்களுக்குப் பொட்டலம் வீட்டுக்குப் போகும். வழி நெடுகத் தெரிந்த முகங்கள் இருக்க, அம்மா அங்கே நுழையவே மாட்டார். பலகையில் எழுதாத தடை இது. இதற்கு மறியல் நடத்த ஒருவரும் வரவில்லை.

கடைசியில் அம்மாவிடமே கேட்டேன். பண்டம் எது, ஊர் எது என்று அவர் கேட்கவில்லை. "ஏய்யா, அங்கன எம்புட்டு நேரம் உக்காந்திருக்கலாம்? எந்திரின்னு சொல்லிருவாகளா?" என்றுதான் கேட்டார்.

தோழர்களே, ஓட்டல்களைத் தராதரம் பிரிக்க எத்தனையோ நட்சத்திரங்களை எண்ணுகிறார்கள். இந்தக் கேள்வியை எண்ணியவர் உண்டா?

இன்னொன்றும் இருக்கிறது. விருந்து என்றால் ஏன் இரவு? நான் நுண்ணுயிரியல் பயில்பவன். இதில் என் படிப்பும் கொஞ்சம் உதவிற்று. உளுந்தோடு வரும் லியூகோனோஸ்டாக் என்னும் நுண்ணுயிர் கரியமில வாயுவை விடுவதால்தான் இட்லி மாவு பொங்குகிறது. அதற்கு வெள்ளி விழாவும் தெரியாது, விடுமுறையும் தெரியாது. மாலையில் அரைத்த மாவு மும்பை வெப்பத்தில் விடியற்காலைக்குள் தயாராகிவிடும். இன்னும் வைத்தால் புளித்துப்போகும். இரவு ஒன்பது மணிக்கு விருந்தென்றால் அம்மாவுக்கு அன்று உறக்கம் இல்லை. அல்லது மறுநாள் இட்லி இல்லை. ஒருநாள் இட்லி இல்லையென்றால் சைக்கிள்காரர் அடுத்த சந்துக்குப் போய்விடுவார். திரும்பி வருவார் என்பது உறுதியில்லை. பில்லில் எழுதப்படாத செலவு இதுதான், இதுவே பெரிய செலவு. இரவு விருந்து, காலையில் எட்டு மணிக்கு எழுபவர்கள் வகுத்த வழக்கம். எங்களுக்கு நண்பகலே நல்ல வேளை.

எனவே என் முடிவு: செம்பூரில், நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவில், மீனும் கிடைக்கும் ஒரு நடுத்தரக் குடும்ப விடுதி. தரைத்தளத்தில் உள்ளது. ஞாயிறு கூட்டத்தைத் தவிர்க்கப் பட்டறைக்கு விடுமுறை விட்ட ஒரு வேலை நாளின் பகல். முன்கூட்டியே தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கைகழுவும் தொட்டி எங்கே, கையால் உண்பவர்களைப் பணியாளர் எப்படிப் பார்க்கிறார், பெண்கள் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறார்கள் என்றெல்லாம் கவனித்தேன். மேலாளரிடம், "இரண்டரை மணி நேரம் இருப்போம், எழுப்பக் கூடாது" என்றேன். சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார். உதவித்தொகையில் சேர்த்த பணத்தை முன்பணமாகக் கட்டிவிடப் போகிறேன். மேசைக்குப் பில் வராது. தந்தையார் கணக்குப் போட எண்ணே இராது. போட்டே தீருவேன் என்றால் சுவரிலுள்ள கடிகாரத்தைப் பார்த்துப் போட்டுக்கொள்ளட்டும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் புதிதாய் வரும் மாணவர்க்கு எந்த ஓட்டலில் தோசை முறுகல் என்று நாம் சொல்லிக் கொடுக்கிறோம். அதை நாக்கே கண்டுபிடித்துவிடும். ஊரிலிருந்து வரும் பெற்றோரை எங்கே அமர வைக்கலாம் என்று ஒரு பட்டியல் எடுப்போம். படி ஏற வேண்டுமா, பெண்கள் தயங்காமல் அமர்கிறார்களா, தமிழ் அறிந்த பணியாளர் உண்டா, எத்தனை நேரம் இருக்க விடுவார்கள் என்ற நான்கு கேள்விகள் போதும். தாராவி, செம்பூர்ப் பகுதிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். மாட்டுங்காவுக்கும் சயானுக்கும் இருவர் தேவை. பெயர் கொடுக்க விரும்புவோர் வெள்ளி மாலை சங்கத்து அறையில் என்னைக் காணலாம்.