டெல்லிக்குப் போகாத முன்மொழிவுகள்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கு,

நமக்குக் கிடைத்த ஆய்வுத் திட்டங்களை ஆண்டறிக்கையில் வண்ணப்படத்துடன் அச்சிடுகிறோம். நிதி அமைப்புகள் நிராகரித்தவை எவை என்பதை, எழுதிய பேராசிரியரிடம் கேட்டாலே தெரிந்துவிடும். வளாகத்தை விட்டே வெளியேறாமல் நின்றுபோன முன்மொழிவுகளுக்கு மட்டும் எந்தக் கோப்பிலும் கணக்கில்லை. அவற்றைப் பற்றியே இந்த மடல்.

முன்மொழிவுகள் இங்கே இரண்டு விதமாக நிற்கின்றன. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் பாதிச் சிக்கல்.

முதலாவது, உங்கள் கையெழுத்துக்காகக் காத்திருப்பவை. தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை என்றாலும் உயிரித் தொழில்நுட்பத் துறை என்றாலும், தனி ஆய்வாளர் விண்ணப்பிக்க நிறுவனத் தலைவரின் ஒப்புதல் சான்று வேண்டும். அந்தச் சான்று சொல்வதென்ன? ஆய்வை இங்கே நடத்தச் சம்மதம், அடிப்படை வசதிகளைத் தருவோம், நிதி நிர்வாகத்துக்குப் பொறுப்பேற்போம் என்பவற்றைத்தான். ஆய்வு தரமானது என்றோ, வெற்றி பெறும் என்றோ அதில் ஒரு வரியும் கிடையாது. தரம் பார்க்க நிதி அமைப்புகளிடம் துறை வல்லுநர்கள் இருக்கிறார்கள். ஆனால் கோப்பு துறைத்தலைவர், டீன், பதிவாளர் என்று ஏறும்போது ஒவ்வொரு மேசையும் தன்னை வல்லுநர் குழுவாக நினைத்துக்கொள்கிறது. “இதெல்லாம் கிடைக்குமா சார்?” என்கிறது ஒரு மேசை. “சீனியர் ஒருத்தர் இதே தலைப்பில் போட்டிருக்கிறாரே” என்கிறது இன்னொன்று. மறுப்பு என்று யாரும் எழுத்தில் தருவதில்லை. போர்ட்டல் நள்ளிரவில் மூடும்; கோப்பு மறுநாள் காலையில் இறங்கிவரும். துணைவேந்தர் பணியிடம் காலியாகி, ஒருங்கிணைப்புக் குழு நிர்வாகம் நடத்தும் மாதங்களில் நிலைமை எப்படியிருக்கும் என்பதைத் தமிழகத்தின் மாநிலப் பல்கலைக்கழகங்களில் வேலை பார்க்கும் எவருக்கும் விளக்கத் தேவையில்லை.

இரண்டாவது விதம் வேறு. ஒரு நிறுவனத்திலிருந்து இத்தனைதான் வரலாம் என்று நிதி தருபவரே வரம்பு வைக்கும் திட்டங்கள் அவை. அமெரிக்காவில் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பெருங்கருவித் திட்டம் 40 லட்சம் டாலர் வரை தருகிறது. அதன் முதல் பிரிவில் ஒரு பல்கலைக்கழகம் இரண்டு முன்மொழிவுகளை அனுப்பலாம், பெருந்தொகைக்கான இரண்டாம் பிரிவில் ஒன்றைத்தான். பேக்கார்டு அறக்கட்டளை, அழைக்கப்பட்ட 50 பல்கலைக்கழகங்களின் தலைவர்களிடம் ஆளுக்கு இரண்டு இளம் ஆய்வாளர்களின் பெயரைக் கேட்கிறது. நம் நாட்டில் 2024இல் வந்த ‘பேர்’ திட்டத்தில் முன்னணி நிறுவனமொன்று மையமாகவும், மாநிலப் பல்கலைக்கழகங்கள் போன்றவை கிளைகளாகவும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். அதில் நம் பக்கத்திலிருந்து எந்தத் துறை, யாருடைய ஆய்வு என்பதை யாராவது முடிவு செய்துதான் ஆக வேண்டும். நீங்கள் தேர்ந்தெடுப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. சலிப்பதில் நன்மையும் உண்டு. 2012இல் ஆஸ்திரேலியாவின் மருத்துவ ஆய்வு மன்றத்துக்கு வந்த 3,727 முன்மொழிவுகளை எழுத, ஆய்வாளர்களின் 550 ஆண்டு உழைப்பு செலவானதாக ஒரு கணக்கெடுப்பு மதிப்பிட்டது. பெரும்பாலானவற்றுக்கு நிதி கிடைக்கவில்லை. இரண்டு பக்கச் சுருக்கத்தை உள்ளேயே பார்த்து, பத்துப் பேரின் மூன்று மாதத்தை மிச்சப்படுத்தினால் எல்லோருக்கும் லாபம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இதற்கென்று ஒரு நடைமுறை இருக்கிறது. கடைசித் தேதிக்கு மாதங்களுக்கு முன்பே அறிவிப்பு வரும், சுருக்கம் கேட்கப்படும், ஒரு குழு படிக்கும். அங்கேயும் செல்வாக்கு வேலை செய்யாமலில்லை. ஆனால் போட்டி நடக்கிறது என்பதாவது எல்லோருக்கும் தெரியும். நம்மிடம் முடிவு உங்கள் அறையில், தொலைபேசியில், பெரும்பாலும் எச்-குறியீடு (மேற்கோள்களை வைத்துக் கணக்கிடும் எண்) பெரிதாக உள்ளவருக்குச் சாதகமாக எடுக்கப்படுகிறது. இப்படியொரு வாய்ப்பு வந்ததே பலருக்குச் செய்தித்தாளைப் பார்த்துத்தான் தெரியும்.

நன்கு அறிந்தவர்கள் சேர்ந்து எடுக்கும் முடிவு சரியாகத்தானே இருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். 1981இல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை ஏற்கெனவே முடிவெடுத்திருந்த 150 முன்மொழிவுகளை, அதே தகுதியுள்ள வேறு மதிப்பீட்டாளர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ கால்வாசியில் முடிவு தலைகீழானது. துறை வல்லுநர்களுக்கே இந்தக் கதி என்றால், வேதியியல் டீன் ஒருவர் மொழியியல் முன்மொழிவைப் பார்த்துத் தலையாட்டுவதற்கு என்ன மதிப்பு? டெல்லி நிராகரித்தால் மதிப்பீட்டாளர் குறிப்பையாவது எதிர்பார்க்கலாம், திருத்தி மறுபடி அனுப்பலாம். நாம் உள்ளேயே நிறுத்தியது வென்றிருக்குமா என்று என்றைக்கும் தெரியாது. அதனாலேயே நம் தேர்வுமுறை தப்பென்று நிரூபணமாகும் வாய்ப்பே கிடையாது.

இதற்கு வேறு வழியும் உண்டு: நியூசிலாந்தின் நலவாழ்வு ஆய்வு மன்றம் 2013இல் ஒரு திட்டத்தில், தகுதி பெற்ற முன்மொழிவுகளைப் பிரித்தெடுத்துவிட்டுக் குலுக்கல் போடத் தொடங்கியது. இதைக் கேட்டுச் சிரித்த நம் ஆட்சிக்குழு உறுப்பினர் ஒருவருக்கு உத்திரமேரூரை நினைவூட்ட வேண்டியிருந்தது. ஊர்ச்சபை வாரியத் தேர்வுக்கு அங்குள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) சொல்வதும் முதலில் தகுதி, பிறகு குடத்திலிட்ட ஓலை என்ற முறையைத்தான். சொந்த நிலமும் வேதப்படிப்பும் கேட்ட அந்தத் தகுதிகளை நாம் கொண்டாட வேண்டாம். ஆனால் முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வர முடியாது, கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் வரவே முடியாது என்ற விதிகள் நம் தேர்வுமுறைக்கு அப்படியே பொருந்தும். முடிவெடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவரின் முன்மொழிவே தேர்வாவது இங்கே வாடிக்கை.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். வரம்பில்லாத திட்டங்களுக்கு ஒப்புதல் சான்றை ஐந்து வேலைநாளில் கொடுங்கள். நீங்கள் ஊரில் இல்லையென்றால் கையெழுத்திடும் அதிகாரத்தை இன்னொருவருக்கு எழுத்து மூலம் கொடுத்துவிட்டுப் போங்கள். இடமில்லை, கருவியில்லை என்பதற்காக மறுக்கலாம்; “கிடைக்காது” என்பதற்காக மறுக்காதீர்கள். வரம்புள்ள திட்டங்கள் வந்தால் எல்லாத் துறைகளுக்கும் ஒரே நாளில் மின்னஞ்சல் போகட்டும். படிப்பவர்களில் பாதிப்பேர் வெளியிலிருந்து வரட்டும். சமமாக நிற்கும் இரண்டுக்கு நடுவே முடிவெடுக்க முடியாவிட்டால் தைரியமாகச் சீட்டுப் போடுங்கள். அதைப் பணிமூப்பை வைத்துத் தீர்க்க வேண்டாம். தேர்வாகாதவருக்கு நான்கு வரியில் காரணம் போகட்டும். அந்த நான்கு வரிகளின் நகல் ஆய்வுப் பிரிவில் ஒரு பதிவேட்டில் ஏறட்டும். ஆண்டறிக்கையில் கிடைத்தவற்றின் பட்டியலுக்குக் கீழே அந்த எண்ணிக்கையும் வரட்டும்.

இதற்குப் புதிய பணியிடமோ தனி நிதியோ தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும். அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்க வேண்டுகிறேன். கடந்த மூன்றாண்டுகளில் ஒப்புதலுக்கு வந்த கோப்புகள் எத்தனை, கடைசித் தேதிக்கு முன் கையெழுத்தானவை எத்தனை என்ற இரண்டு எண்களைப் பதிவாளர் அலுவலகம் அந்தக் கூட்டத்துக்குள் எடுத்துத் தர முடிந்தால், விவாதத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.

தங்கள் உண்மையுள்ள,
பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர்