நோயாளி உறங்கும் அறை

காலையில் எழும்போதே தலை கனக்கிறது, தொண்டை வறள்கிறது, இரவு முழுவதும் படுத்திருந்தும் உறங்கின திருப்தி இல்லை என்று வருகிற நோயாளிக்கு, இரத்த அழுத்தத்தைப் பார்த்து, இரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக்கொடுத்து, எல்லாம் சரியாக இருக்கக் கண்டதும் மனக்கவலை என்று முடிவு கட்டித் தூக்க மாத்திரை எழுதிவிடுவது நம்மிடையே சகஜமாகி வருகிறது. அவர் உறங்கும் அறையைப் பற்றி ஒரு வார்த்தையும் விசாரியாமல் இம்முடிவுக்கு வருவதையே நாம் ஆட்சேபிக்கிறோம்.

அறையின் காற்றும் வைத்திய விஷயமே என்பது புதிய சித்தாந்தமன்று. மியூனிக் நகரத்துச் சுகாதார நிபுணர் பெட்டன்கோஃபர் 1858-லேயே, மனிதர் வசிக்கும் அறையில் கரியமில வாயு ஆயிரத்தில் 1 பங்கைத் தாண்டலாகாது என்று வரம்பு வகுத்தார். மூச்சினால் கெட்ட காற்று எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதை அவ்வாயுவைக் கொண்டு கணிக்கலாம் என்பது அவர் கருத்து. 1973-ஆம் வருஷத்து எண்ணெய் நெருக்கடிக்குப் பின், எரிபொருட் செலவைச் சுருக்க மேல்நாட்டார் கட்டடங்களை இறுக மூடியபோது, அலுவலகங்களில் தலைவலி, கண்ணெரிச்சல், சோர்வு என்ற முறையீடுகள் பெருகின. கட்டடத்தை விட்டு வெளியேறினால் தணிவதே இவற்றின் முக்கிய லட்சணம்.

நம் ஊரிலோ, பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் இரவில் அந்த உஷ்ணத்தை அறைக்குள் இறக்குகிறது. உடலின் உள்வெப்பம் தணிந்தாலன்றி நல்ல நித்திரை வாராதாகையால், வசதியுள்ளோர் ஏ.சி. வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏ.சி. பெரும்பாலும் உள்ளிருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறதேயன்றி வெளிக்காற்றைக் கொணர்வதில்லை. ஜன்னல் சாத்திய அவ்வறையில் நான்கு பேர் படுத்து, போதாக்குறைக்கு, 75 சிகரெட்டுகளுக்குக் குறையாத நுண்துகளைக் கக்குவதாக 2003-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்ட கொசுவத்திச் சுருளும் புகையுமாயின், விடியற்காலைத் தலைவலியைக் கண்டு வியப்பதற்கில்லை.

இதனால் எல்லா உபாதையையும் அறையின் தலையில் கட்டிவிடலாகாது. குறட்டையும் பகலுறக்கமும் உள்ளவரிடம் உறக்க மூச்சடைப்பைத் தேட வேண்டும். குளியலறையில் கேஸ் கீசர் உள்ள வீட்டில் தலைவலியும் மயக்கமும் நேர்ந்தால் கார்பன் மோனாக்சைடையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

வெளியூரில் தங்கிய நாட்களில் இத்தொல்லை இருந்ததா, உடன் உறங்குவோருக்கும் உண்டா, ஜன்னல் எப்போதாவது திறக்கப்படுகிறதா என்று கேட்க ஒரு நிமிஷம் போதும். விடைகள் அறையைச் சுட்டுமாயின், இரண்டு வாரம் சுருளை நிறுத்தி, கொசுவலை கட்டி, ஜன்னலைச் சிறிது திறந்துவைத்துப் பார்க்கச் சொல்லி, அதன் பின்னரே மாத்திரையைப் பற்றி யோசிப்பது முறையாகும் என்பது நமது அபிப்பிராயம்.