“ஒண்ணும் பண்ணாதுங்க!”



நாய் வளர்ப்பவர்கள் வாயில் எப்போதும் தயாராக இருக்கும் ஒரு வார்த்தை, “பயப்படாதீங்க, ஒண்ணும் பண்ணாதுங்க!” என்பது. அதை நம்பி நான் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஓசூரில் பாகலூர் சாலைப் பக்கம் குடியிருக்கிறோம். கணவருக்குத் தொழிற்சாலையில் வேலை. முதல் ஷிஃப்ட் என்றால் இருட்டோடு கம்பெனி பஸ் பிடிக்கக் கிளம்பிவிடுவார். எங்கள் பொமரேனியன் ஜூலியை வெளியே கூட்டிப் போவது என் பொறுப்பு. போன மார்கழியில் ஒரு நாள், பத்தடி தள்ளி ஆள் தெரியாத பனி. எதிர் வரிசையில் ஒரு வீட்டு கேட் திறந்தது. அந்த வீட்டு லாப்ரடார் கயிறு இல்லாமல் பாய்ந்து வந்தது. பின்னாலேயே வந்த சார், “ஒண்ணும் பண்ணாதும்மா, விளையாட வருது!” என்று சொல்லி முடிக்கும் முன் ஜூலியின் கழுத்து அதன் வாயில்!

தமிழிலும் தெலுங்கிலும் ‘போ’ என்றேன், கன்னடத்தில் ‘ஹோகு’ என்றேன். எந்த பாஷைக்கும் அது மசியவில்லை. பதற்றத்தில் இரண்டுக்கும் நடுவே கையை விட்டேன். விரலில் பல் பதிந்து ரத்தம் கொட்டியது. நல்லவேளை, கோலம் போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா, வாளித் தண்ணீரை அப்படியே அந்த நாயின் முகத்தில் வீசினார். அது திடுக்கிட்டு வாயைத் திறந்தது. ஜூலிக்குக் கழுத்தில் நாலு தையல். எனக்கு ஊசி.

“தடுப்பூசி போட்ட சீட்டு இருக்கா சார்?” என்று கேட்டேன். தேடி எடுத்துக் காட்டினார். கெடு முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது! அதோடு, “உங்க நாய்தான் முதல்ல குரைச்சது. இது என்ன ராட்வீலரா? தடை பண்ணின லிஸ்ட்டிலேயே இல்லை. அந்த லிஸ்ட்டையே பெங்களூர் கோர்ட்டில் ரத்து பண்ணியாச்சு” என்றாரே பார்க்கலாம். என் கணவரோ, “அவர் எங்க டிபார்ட்மென்ட் சூப்பர்வைசர், விட்டுடு” என்று என் வாயை அடைத்தார்.

கை கட்டோடு உட்கார்ந்து யோசித்தேன். அந்த சார் சொன்னதில் பாதி உண்மைதான். 2024 மார்ச்சில் ராட்வீலர், பிட்புல் உட்பட 23 வகை நாய்களைத் தடை செய்யச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசாமல் எடுத்த முடிவு என்பது ஒரு முக்கியக் காரணம். அத்திப்பள்ளி வந்தாலே கர்நாடகா என்பதால் இந்தச் செய்தி எங்கள் ஊரில் சீக்கிரம் பரவிவிட்டது. ஆனால் கோர்ட் ரத்து செய்தது இனத் தடையைத்தான். ‘நாயை அவிழ்த்து விடலாம்’ என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லையே!

2024 மே 5 அன்று சென்னை ஆயிரம் விளக்கு பகுதியில் மாநகராட்சிப் பூங்காவில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பூங்கா காவலாளியின் 5 வயது மகளை இரண்டு ராட்வீலர்கள் குதறின. காப்பாற்றப் போன தாய்க்கும் காயம். நாய்களின் சொந்தக்காரர் கைதானார். எல்லோரும் ‘ராட்வீலர், ராட்வீலர்’ என்றே பேசினோம். அந்த இரண்டுக்கும் கழுத்தில் கயிறும் வாய்மூடியும் இருந்திருந்தால் அந்தக் குழந்தைக்கு இந்தக் கதி வந்திருக்குமா? என்னைக் கடித்தது யாருமே தடை கேட்காத சாது இனம்! ஆக, இனத்தின் பெயரைவிட கயிறு யார் கையில் இருக்கிறது என்பதுதான் பெரிய விஷயம். லிஸ்ட் போட்டதில் ஒரு கெடுதலும் நடந்துவிட்டது. லிஸ்ட்டில் இல்லாத நாயை வைத்திருப்பவர்கள் ‘நமக்கென்ன’ என்று இருந்துவிட்டார்கள்.

2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் முதலில் டெல்லிப் பகுதித் தெருநாய்களை எல்லாம் பிடித்து அடைக்கச் சொன்னது. அதே மாதம் 22ம் தேதி அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறி பிடித்ததையும் மூர்க்கமானதையும் விடக்கூடாது என்றது. டீக்கடை முதல் டி.வி. வரை தெருநாய்ப் பேச்சுதான். வீட்டு நாயை அவிழ்த்து விடுகிற சொந்தக்காரர்களைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசவில்லை. தெருநாய்க்கு கார்ப்பரேஷனைக் கேட்கிறோம். வீட்டு நாய்க்கு, அந்த வீட்டைத்தானே கேட்க வேண்டும்?

சகோதரிகளே, சட்டமும் கோர்ட்டும் கடித்த பிறகுதான் வரும். அந்த அரை நிமிடத்தில் நமக்கு நாம்தான் துணை. கால்நடை மருத்துவரிடம் கேட்டும், பட்டும் தெரிந்துகொண்டவை:

1. ஓடாதீர்கள். ஓடினால் நாய் துரத்தும். அதன் கண்ணை முறைக்காமல், முதுகைக் காட்டாமல், பக்கவாட்டில் மெல்லப் பின்வாங்குங்கள். கத்திக் கூச்சல் போடாமல், தடித்த குரலில் ஒரே அதட்டல் போதும்.

2. கையில் குடையோ பையோ இருக்கட்டும். குடையைச் சட்டென்று விரித்து நடுவில் பிடித்தால் அதுவே கேடயம். பையையோ துப்பட்டாவையோ நீட்டினால் நாய் அதைக் கவ்வும், நம் கை தப்பும்.

3. நம் நாயின் கயிற்றைக் கட்டையாகப் பிடியுங்கள். மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளாதீர்கள், இழுத்துத் தள்ளிவிடும். நம் நாயை முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டு, திறந்த கேட் இருந்தால் உள்ளே தள்ளிச் சாத்துங்கள். மார்போடு தூக்கிக்கொண்டால் எதிரி நாய் நம் முகத்துக்கே எகிறும்.

4. நாய்கள் கவ்விக்கொண்டால் நடுவில் கையை விடவே கூடாது. தண்ணீர் வாளியோ, நாற்காலியோ, பலகையோதான் நடுவில் போக வேண்டும்.

5. கீழே விழுந்துவிட்டால் சுருண்டு படுத்து, இரண்டு கையாலும் கழுத்தையும் காதையும் மூடிக்கொள்ளுங்கள்.

6. கடித்தால் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப் பொடி, காபித் தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். உடனே அரசு மருத்துவமனை. எனக்குக் கடித்த அன்றும், பிறகு 3, 7, 28ம் நாட்களிலும் ஊசி போட்டார்கள். ரத்தம் வந்ததால் காயத்தைச் சுற்றியும் தனி மருந்து போட்டார்கள். உங்கள் நாய் கடிபட்டால், முன்பே தடுப்பூசி போட்டிருந்தாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

‘வீட்டு நாய்தானே’ என்று அலட்சியம் வேண்டாம். 2024ல் தமிழ்நாட்டில் சுமார் 4 லட்சத்து 80 ஆயிரம் நாய்க்கடிகள் பதிவாகின. ரேபிஸ் வந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. ஊசியை நேரத்தோடு போட்டுக்கொண்டால் வராமலே தடுத்துவிடலாம்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். நாயை அஜாக்கிரதையாக விட்டு மனிதருக்கு ஆபத்து உண்டாக்கினால், பாரதிய நியாய சன்ஹிதா 291ம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. 2024 ஜூலை முதல் இந்தச் சட்டம் அமலில் இருக்கிறது.

நான் போலீசுக்குப் போகவில்லை. கணவர் வேலையை நினைத்துத்தான். ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. தண்ணீர் ஊற்றிய அக்காவையும் தெருவில் நாலு பெண்களையும் சேர்த்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போனோம். சாரிடம் பேசவில்லை, அவர் மனைவியிடம் பேசினோம். சண்டை போடவில்லை. “நாளைக்கு ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கடிச்சா நீங்கதான்க்கா அலையணும்” என்று சொல்லி, சட்டப் பிரிவை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். அடுத்த வாரமே தடுப்பூசி போட்டார்கள். காலையில் கயிறும் வந்துவிட்டது. சாயங்காலம் அவர்கள் பையன் கூட்டி வரும்போது சில நாள் கயிறு இருக்காது. அன்று நான் வாசலில் நின்றே, “தம்பி, கயிறு!” என்று குரல் கொடுக்கிறேன். கொடுத்துக்கொண்டே இருப்பேன்.

நாய் வளர்க்கும் சகோதரிகளே, நானும் உங்களில் ஒருத்திதான். உங்கள் செல்லம் உங்களுக்குச் சாதுவாக இருக்கலாம். எதிரே வருகிறவளுக்கு அது தெரியாதே! “ஒண்ணும் பண்ணாது” என்று சொல்வதற்குப் பதில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, “நீங்க போங்க, நான் பிடிச்சிருக்கேன்” என்று சொல்லிப் பாருங்கள். அந்த வார்த்தையில்தான் எங்களுக்கு நிம்மதி.

– ஒரு குடும்பத் தலைவி, ஓசூர்.