தாய்க்கும் ஒரு கட்டில்

ஏழாம் மாதத்தில் பிறந்த பிள்ளை தங்கும், எட்டாம் மாதத்தில் பிறந்தது தங்காது என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். மருத்துவத்தில் அதற்கு ஆதாரம் இல்லை. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குறைமாதப் பிள்ளைக்கு லாபம்தான். என் மகள் எட்டாம் மாதத்தில், 1,600 கிராம் எடையோடு பிறந்தாள். வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுக்காமல் இருந்ததே எனக்குப் பயமாக இருந்தது.

குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள், வெளியே நின்று எட்டிப் பார்க்க வேண்டியதுதான் என்று நினைத்திருந்தேன். பச்சிளங்குழந்தைப் பிரிவின் செவிலியரோ, "சட்டையக் கழட்டிட்டு இந்த நாற்காலியில சாஞ்சு உக்காருங்க சார்" என்றார். மனைவிக்கு ரத்த அழுத்தம் இறங்காததால் அவள் வேறு வார்டில் இருந்தாள். தலைக்குக் குல்லா, காலுக்குச் சாக்ஸ், இடுப்பில் ஒரு துணி. மகளுக்கு அவ்வளவுதான் உடுப்பு. அவளை என் நெஞ்சின் நடுவே நிமிர்த்திவைத்து, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, நீளத் துணியால் சேர்த்துக் கட்டினார். என் அம்மா பதறிவிட்டார்.

"ஏம்மா, பிள்ளைக்கு மூச்சு முட்டாதா?"

"முட்டாதும்மா. மூக்கு வெளிய தெரியுது பாருங்க, கழுத்தும் மடங்கல. இவரு உடம்புச் சூடே அவளுக்குப் போதும்."

கங்காரு பராமரிப்பு என்று இதற்குப் பெயர். வறுமையில் பிறந்த வைத்தியம் இது. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978இல் குழந்தை மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா இதைத் தொடங்கினார். அவருடைய மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் போதவில்லை. ஒரே பெட்டியில் பல குழந்தைகளைப் படுக்கவைத்ததில் தொற்று பரவியது. அதனால் தாயின் மார்பையே பெட்டியாக்கினார். அதே ஊரில் 1990களில் இப்படி வளர்க்கப்பட்ட குழந்தைகளை 20 ஆண்டுகள் கழித்துத் தேடிப்பிடித்து ஆராய்ந்தார்கள். மற்றவர்களைவிட அவர்கள் பள்ளிக்கு ஒழுங்காகப் போயிருந்தார்கள், முரட்டுத்தனமும் குறைவாக இருந்தது என்று 2017இல் எழுதினார்கள்.

இதெல்லாம் பழைய கதைதானே என்று கேட்கலாம். புதிதாகத் தெரியவந்தது, எப்போது தொடங்க வேண்டும் என்பது. குழந்தையின் உடல்நிலை சீரான பிறகே தாயிடம் தர வேண்டும் என்பதுதான் வெகுகாலம் விதியாக இருந்தது. ஆனால் எடை குறைந்த குழந்தைகளில் பலர் அந்தச் சீரான நிலையை எட்டுவதற்குள்ளேயே இறந்துபோகிறார்கள். காத்திருக்காமல் உடனே தொடங்கினால் என்ன ஆகும் என்று சோதிக்க உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய 5 நாடுகளில் ஆய்வு நடத்தியது. இந்தியாவில் அது நடந்த இடம் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை. 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையில் பிறந்த 3,211 குழந்தைகளை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பிறந்த உடனேயே, பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்துக்குள், தாயின் மார்பு கிடைத்தது. மற்றதற்கு வழக்கம்போல் ஏறத்தாழ இரண்டு நாள் கழித்துக் கிடைத்தது. முதல் 28 நாளில், காத்திருந்த பிரிவில் 100க்கு ஏறத்தாழ 16 குழந்தைகள் இறந்தார்கள். உடனே அணைக்கப்பட்ட பிரிவில் 12. வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகு ஒரு பிரிவைக் காக்கவைப்பது நியாயமில்லை என்று ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். முடிவு 2021 மே மாதம் வெளியானது. 2022 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதலை மாற்றிக்கொண்டது. தானாக மூச்சுவிட முடியாதது, வென்டிலேட்டர் தேவைப்படுவது போன்ற ஆபத்தான நிலையில் இருக்கும் குழந்தைகளை விட்டுவிட்டு, மற்ற குறைமாத, எடை குறைந்த குழந்தைகள் எல்லோருக்கும் பிறந்ததுமே தொடங்கச் சொல்கிறது.

100க்கு 4 குழந்தை. என் நெஞ்சின் மேல் 1,600 கிராம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போது அது எனக்கு வெறும் கணக்காகத் தெரியவில்லை.

அந்த ஆய்வில் என்னை உலுக்கிய எண் வேறொன்று. உடனே அணைக்கப்பட்ட குழந்தைகள் தினமும் ஏறக்குறைய 17 மணி நேரம் தோலோடு தோலாக இருந்தார்கள். பார்வையாளர் நேரத்தில் வந்து போகும் தாயால் இது ஆகாது. அதற்காகவே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் குழந்தையின் பக்கத்திலேயே தாய்க்கும் கட்டில் போட்டார்கள். தாயின் ரத்த அழுத்தத்தையும் தையலையும் அதே அறையில் பார்த்துக்கொண்டார்கள். தாய் உள்ளே வந்தால் கிருமி வரும் என்பதுதான் இத்தனை காலம் சொல்லப்பட்ட காரணம். நடந்தது நேர்மாறு: தாயோடு இருந்த குழந்தைகளுக்குத் தொற்று குறைவாகவே வந்தது. அம்மாவின் தோலில் இருக்கும் சாதுவான கிருமிகள் முதலில் குடியேறுவதும், சீக்கிரம் தாய்ப்பால் கிடைப்பதும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். எங்கள் விஷயத்தில், மனைவி பீய்ச்சிக் கொடுத்த பாலைப் பாலாடையில் வைத்துச் செவிலியர்தான் புகட்டினார். இரண்டு வார்டுக்கும் நடுவே கிண்ணத்தை மூடித் தூக்கிக்கொண்டு நடந்தது நான். அவள் மகளின் பக்கத்தில் படுத்திருந்தால் அந்த நடையே தேவைப்பட்டிருக்காது.

17 மணி நேரத்தை எந்தத் தாயும் தனியாகச் சமாளிக்க முடியாது. அவள் குளிக்க, சாப்பிட, தூங்க வேண்டும். அந்த நேரத்தில் அப்பாவோ பாட்டியோ அத்தையோ நெஞ்சோடு அணைத்துக்கொள்ளலாம். தீட்டு கழியும்வரை ஆண்கள் தொடக்கூடாது என்று சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த வீட்டுப் பெரியவர்களிடம் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், இந்தப் பிள்ளைகளின் விஷயத்தில் விட்டுக்கொடுங்கள். அரசாங்கத்திடமும் கேட்க ஒன்று உண்டு. 2017 திருத்தத்துக்குப் பிறகு தாய்க்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு சட்டத்தில் இருக்கிறது. தனியார் வேலையில் இருக்கும் தந்தைக்குச் சட்டப்படி ஒரு நாள்கூட இல்லை. குறைமாதக் குழந்தையின் தந்தைக்காவது அது வேண்டும்.

பிரசவத்துக்கு மருத்துவமனை பார்க்கப் போகும்போது அறை வாடகை கேட்கிறோம், ஏ.சி. உண்டா என்று கேட்கிறோம். கூடவே இதையும் கேளுங்கள்: பிள்ளை எடை குறைவாகப் பிறந்தால் அம்மா எங்கே படுப்பாள்?